மூன்றாம் கால்

கார்த்திகைக் காற்றுக்கு விழுந்த வேம்பு
வேலிக்குக் குறுக்கே கிடந்தது.
வேர் என் பக்கம்,
கொப்பு குணசிங்கத்தார் பக்கம்.
கொப்பை அவர் வெட்டி அடுக்கினார், கேட்கவில்லை.
வேரை நான் அரிந்தெடுத்தேன், சொல்லவில்லை.
பதினொரு வருசமாய்
மல்லாகம் கோட்டில் மட்டும் கதைக்கிற வீடுகள்,
ஒன்றரை அடி நிலத்துக்காக.
மிஞ்சியது பத்தடிக் குத்தி.

மரக்காலைக்காரன் வந்து தட்டிப் பார்த்தான்.
"முழுசாய்த் தந்தால் கதவு விலை, அக்கா.
துண்டாய்த் தந்தால் விறகு விலை."

ஜேசிபி வராது.
அச்செழுவில் எங்கள் ஒழுங்கை
இந்தப் பக்கம் ஒரு கதியால், அந்தப் பக்கம் ஒரு கதியால்
ஆண்டாண்டாய் நகர்ந்து மெலிந்து
லாண்ட்மாஸ்டர் மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையும்.

சங்கக்கடையில் கணக்கெழுதுகிற எனக்கு
இரும்பு தெரியாது. நிறை தெரியும்.
குத்தி அரைத் தொன்.
நான் ஐம்பத்திரண்டு கிலோ, மச்சாள் சறோ அறுபது.
மின்சாரப் பில்லின் பின்பக்கம்
மூன்று கோடு கீறினேன், உச்சியில் ஒரு புள்ளி.

குழாய்க்கிணற்றில் கழற்றிப் போட்ட
இரண்டங்குலப் பைப் மூன்று.
றெஜினோல்டின் வெல்டிங் கடையில் தலைக்குத் தலை ஓட்டை,
ஊடே ஒரு சாண் போல்ட்.
உரும்பிராய்க் கராச்சில் செயின் புளொக்,
நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு,
பிணைக்கு என் அடையாள அட்டை.

முதலில் தண்ணீர்ப் பரலைத் தூக்கிப் பார்த்தோம்.
ஒரு கால் ஆட்டுக்குட்டி மாதிரி
தன்பாட்டில் நடந்து போனது.
பரல் கவிழ்ந்து இரண்டு பேரும் முழுக்கு.
சிரித்து முடிய
மாட்டுக்கயிற்றால் மூன்று காலையும் சுற்றிப் பிணைத்தோம்.

அதுக்குப் பிறகுதான் கண்டேன்,
குத்தியின் நடு நிறை சரியாய் வேலிக்கு மேல்.
இரண்டு கால் இங்கே நிற்கலாம்.
மூன்றாவது
அவருடைய வெங்காயத் தறைக்குள்.

சறோ என்னைப் பார்த்தாள்.
நான் கிடுகை விலக்கிப் பைப்பை நுழைத்தேன்.
அங்கால் நாய் குரைத்தது.
ஆள் குரைக்கவில்லை.

சங்கிலியை ஒரு பாகம் இழுத்தால்
குத்தி ஒரு விரற்கடை எழும்பும்.
கடகட, கடகட.
கை எரிந்தது.
ஒரு சாண் எழும்பினபோது
முழுச் சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் சரிந்தது.
மழை குடித்த செம்மண்.
பிடித்த சங்கிலியோடு அப்படியே நின்றோம்,
இழுக்கவும் பயம், விடவும் பயம்.

வேலிக்கு அங்கால் ஒரு குரல், நாய்க்கு:
"உந்தக் கால் புதையுது எண்டு
உன்ர கண்ணுக்குத் தெரியேல்லையோடா?"

நானும் காகத்துக்குச் சொன்னேன்:
"தெரியுது. கல்லுக்கு எங்க போறது?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஏதோ இழுபடும் சத்தம், முக்கல்.
அலவாங்கால் பைப்பை நெம்பி
அடியில் உடைந்த அம்மியொன்றைச் செருகினார்.
கிடுகு இடைவெளியில்
சேற்றுக் கை மட்டும் தெரிந்தது,
பைப்பைப் பிடித்தபடி,
குத்தி லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இறங்கும் வரைக்கும்.

நன்றி சொல்லவில்லை.
கதவு விலையில் கால்வாசியை
என்வலப்பில் போட்டுக் கிடுகில் செருகினேன்.
இரண்டு நாள் நனைந்து மூன்றாம் நாள் காணவில்லை.
நாய் எடுத்திருக்காது.

மாசியில்
கோட்டுக் கட்டளையோடு நில அளவையாளர் வந்தார்.
நாடா பிடித்துக் குனிந்தவர்
பைப் நின்ற இடத்தில் அம்மியைக் கண்டார்.
பாதி மண்ணுக்குள், நேராய், உறுதியாய்.

"இது உங்கட எல்லைக் கல்லோ?"

குணசிங்கத்தார் நாயைப் பார்த்தார்.
நான் காகத்தைத் தேடினேன்.

"இல்லை" என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.